கொதிகலன் அறையில் வைத்த மேளம்

எனக்கு எழுத்து வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுதினால் வரி கோணலாய்ப் போகும், சொன்னதையே திரும்பவும் சொல்வேன். ஆண்டுகளும் ஊர்ப் பெயர்களும் மறந்துபோய்விட்டன. வாசிக்கிறவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் துப்புரவு வேலை செய்த விளையாட்டு மண்டபத்தில் இப்போது நிலானி வேலை செய்கிறாள். என் மகளின் வயது. நாங்கள் முழங்காலில் இருந்து தேய்த்த நிலத்தை இப்போது ஏறி இருந்து ஓட்டுகிற இயந்திரத்தால் துடைக்கிறார்களாம். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் சொன்னாள்:

"அன்ரி, இந்த வருசம் மேளக்காரப் பிள்ளையளின்ரை விழா திரும்ப எங்கடை ஹாலிலை நடக்குது. முந்தி நடந்த விழாவிலை நீங்கள் வேலை செய்தனீங்களாமே. சங்க மலருக்கு அதை எழுதித் தாங்கோவன்."

"எனக்கு நாலு பேருக்கு முன்னாலை கதைக்கவே வராது, பிள்ளை."

"கதைக்க வேண்டாம், எழுதுங்கோ. பிழையளை நான் பாக்கிறன்."

இரண்டு கிழமை கொப்பியைத் திறக்கவில்லை. பிறகு, அந்த விழாவைப் பற்றி எழுதுவதென்றால் உள்ளதை எழுத வேண்டும் என்று நினைத்துத் தொடங்கினேன்.

நானும் என் கணவரும் டென்மார்க்குக்கு வந்தது எண்பத்துநான்கின் கடைசியில் என்று நினைக்கிறேன். அவருக்கு இக்காஸ்ட் என்ற ஊரில் உடுப்புப் பின்னுகிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்கு மொழி வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. மற்றவர்கள் எழுதுவார்கள், நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்த வருடம் பக்கத்து ஊர் மண்டபத்தில் துப்புரவுக்கு ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். என்னோடு இன்னொரு தமிழ்ப் பெண்ணையும் எடுத்தார்கள். அவர்தான் தவமணி அக்கா. இரண்டு பேரும் தற்காலிகம். கொஞ்சக் காலம் பார்த்துவிட்டு ஒருவரை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

தவமணி அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்திருந்தார். அவருடைய கணவர் கொழும்பில் நின்றார். நிரந்தர வேலைக் கடிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அவரைக் கெதியில் கூப்பிடலாம் என்று அக்கா நம்பியிருந்தார். அது சட்டமா, ஆரோ சொன்ன கதையா, எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் பேருந்தில் அதைத்தான் கதைப்பார்.

எங்கள் மேலாள் எகோன். மண்டபப் பொறுப்பாளர். அறுபதுக்குக் கிட்ட வயது, காதில் பென்சில், கோப்பியை நின்றுதான் குடிப்பார். எங்களுக்கு மொழி தெரியாது என்று வேலைப் பட்டியலைப் படமாய்க் கீறித் தருவார்: வாளி, தும்புத்தடி, கதவு, மணிக்கூட்டு முள். எந்தப் புது வேலையையும் முதலில் தானே ஒருமுறை செய்து காட்டுவார். பிறகு தடியை எங்கள் கையில் தந்துவிட்டுப் போய்விடுவார். நின்று பார்க்கமாட்டார். முடிந்த பிறகு வந்து சுவர்க் கம்பியில் விரலால் தடவி, அந்த விரலை எங்களுக்குக் காட்டிச் சிரிப்பார். தூசி இருந்தாலும் அதே சிரிப்புத்தான். எங்களுக்குத்தான் வெட்கமாய் இருக்கும். "ஸ்டில்ல ஓ றோலிட்" என்பது அவர் வாயில் எப்போதும் வருகிற சொல். மெதுவாய், ஆறுதலாய் என்று அர்த்தம்.

அந்த ஊரில் ஒரு டாம்பூர்கோர் இருந்தது. சிவப்புச் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்டு, மேளமும் குழலும் வாசித்துக்கொண்டு வரிசையாய் நடக்கிற குழு. செவ்வாயும் வியாழனும் எங்கள் மண்டபத்தில்தான் பழகுவார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். வைத்தியரின் மகளும் இருந்தாள், பாதிரியாரின் மகளும் இருந்தாள். வைத்தியரின் மகள் தன் மேளத்தை மடியில் வைத்து, மெல்லிய துணியால் குழந்தைக்கு முகம் துடைக்கிறமாதிரித் துடைப்பாள். நான் வாளியோடு நின்று பார்ப்பேன்.

ஒருநாள் அக்கா என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார்.

"பாரும் பிள்ளை, டொக்டரின்ரை மோள் மேளம் அடிக்கிறா. எங்கடை ஊரிலை எண்டால் ஆர் விடுவினம்?"

"ஓம் அக்கா."

"செத்தவீட்டுக்கு அடிக்கிற சனத்தை நாங்கள் படலைக்கு இஞ்சாலை எடுக்கிறேல்லையே. அம்மா அவையளுக்குச் சிரட்டையிலைதான் தேத்தண்ணி வார்ப்பா. இஞ்சை என்னெண்டால் தாயும் தேப்பனும் கைதட்டினம்."

சொல்லிவிட்டு, தன் போத்தலில் இருந்து தேத்தண்ணியை மூடியில் ஊற்றித் தான் பாதி குடித்து, மீதியை எனக்குத் தந்தார். வழமையாய் அப்படித்தான் தருவார். நான் வாங்கிக் குடித்தேன்.

என் அப்பா செத்தவீடுகளுக்குப் பறை அடித்தவர்.

இதை எழுதுவதற்குத்தான் இரண்டு கிழமை எடுத்தது. இங்கே வந்த முதல் நாளே என் கணவர் சொல்லிவிட்டார்: "ஆர் கேட்டாலும் கமம் எண்டு சொல்லு. அதுக்கு மேலை வாய் திறவாதை." தவமணி அக்கா கேட்டபோது நான் கமம் என்றேன். "எவ்வளவு காணி?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். அந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர். காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொண்டு வருவார். அவருக்குத் தெரிந்தால் அந்த மூடித் தேத்தண்ணி எனக்கு இனி வராது என்று நினைத்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு வைகாசி மாதமாய் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் குழு மற்ற ஊர்க் குழுக்களை அழைத்து விழா வைக்கிறது என்றார்கள். ஆறு குழுவோ ஏழு குழுவோ, எல்லோருக்கும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படுக்கை. எகோன் ஒரு மாதத்துக்கு முதலே படம் கீறத் தொடங்கிவிட்டார்.

முதல் வேலை பிசின். எங்கள் மண்டபத்தில் ஹான்ட்போல் விளையாடுவார்கள். பந்து கையில் ஒட்டி நிற்க விரலில் பிசின் பூசுவார்கள். அது நிலமெங்கும் கறுப்புப் புள்ளியாய் ஒட்டிக் கிடக்கும். நடந்துகொண்டே சட்டென்று திரும்புகிற பிள்ளையின் சப்பாத்து அதில் ஒட்டினால், பிள்ளை மேளத்தோடு விழும். எகோன் முழங்காலில் இருந்து ஒரு புள்ளியைச் சுரண்டி, மண்ணிறச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்து, கடைசியில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை ஒட்டக்கூடாது. அதுதான் கணக்கு. அக்காவும் நானும் இரண்டு மூலையில் தொடங்கி நடுவில் சந்திக்க ஐந்து நாள் பிடித்தது.

"உம்மடை பாதி பெரிசோ, என்ரை பாதி பெரிசோ?" என்று அக்கா நடுவில் இருந்து கேட்டார்.

"உங்கடைதான், அக்கா."

"பொய் சொல்லாதையும். நான் இடைக்கிடை இருந்து முதுகு நிமித்தினனான்."

பிறகு ஒவ்வொரு குழுவும் நிற்கிற இடத்தில் வெள்ளை நாடா ஒட்டினோம். வாசலில் சேறு துடைக்கப் பாய் போட்டோம். உடுப்பு மாற்றுகிற அறைக் கதவுகளில் ஊர்ப் பெயர் ஒட்டினோம். வகுப்பறைகளில் மெத்தை விரித்தோம். விழா அன்று மணிக்கு ஒருமுறை கழிவறை பார்க்க வேண்டும், இடையில் பாண் வெட்டி வெண்ணெய் பூச வேண்டும். எல்லாம் படத்தில் இருந்தது.

படத்தில் இல்லாத ஒன்று அந்தப் பெரிய மேளம். குழுவின் மிகப் பழைய மேளம். இப்போதைய மேளங்கள் பிளாஸ்டிக் தோல், இதற்குக் கன்றுத்தோல். எகோன் இளவயதில் இந்தக் குழுவில் அதைத்தான் அடித்தவர். ஒவ்வொரு விழாத் தொடக்கத்திலும் கொடி உள்ளே வரும்போது அவர் தனியாய் அதை அடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். பிறகு உறை போட்டு வைத்துவிடுவார்கள்.

விழா சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு. முந்தின இரவு முழுக்க மழை. காலையில் சாமான் அறையைத் திறந்தால் கூரை ஒழுகி உறை நனைந்து கிடந்தது. எகோன் உறையைக் கழற்றி விரலால் தட்டினார். ஈரச் சாக்கில் தட்டினதுபோல் 'தொப்' என்றது. இன்னொருமுறை தட்டிவிட்டு, "செத்துப்போச்சு" என்றார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் குழுவின் தலைவி வாசலில் இருந்து கூப்பிட்டார். கையில் எப்போதும் ஒரு மட்டையும் கடதாசியும் வைத்திருக்கிற உயரமான அம்மா. வெளியூர்க் குழுக்களின் முதல் பேருந்து நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாம். எகோன் எங்களைப் பார்த்து, "காய வேணும். இரண்டு மணிக்குள். பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கையாலும் வாயாலும் சொல்லிவிட்டு ஓடினார். அவர் செய்து காட்டாமல் எங்களுக்குத் தந்த ஒரே வேலை அதுதான்.

எனக்கு அது தெரிந்த வேலை. நனைந்த தோலை நெருப்புக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. சூடு படுகிற ஆனால் சுடாத தூரத்தில் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் நில்லாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், ஓரத்தில் இருந்து நடுவுக்கு விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். அப்பா செத்தவீட்டு ஒழுங்கைகளில் ஓலை மூட்டி அதைச் செய்யும்போது, மேளத்தைத் திருப்பிப் பிடிக்கிற வேலை எனக்கு. மூன்று மணித்தியாலம் போதும்.

அக்காவும் நானும் மேளத்தைத் தூக்கிக்கொண்டு கீழே கொதிகலன் அறைக்குப் போனோம். குளிக்கிற தண்ணீருக்காக அது எரிந்துகொண்டுதான் இருக்கும். அக்கா மேளத்தைச் சூட்டுக் குழாயோடு ஒட்டிச் சாய்த்து வைத்தார்.

"இப்பிடி விட்டால் மத்தியானத்துக்கிடையிலை காய்ஞ்சிடும்."

"கொஞ்சம் தள்ளி வைப்பமோ, அக்கா?"

"ஏன்?"

"சும்மா... சூடு கூடவெல்லே."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "உமக்கு மேளத்தைப் பற்றி என்ன பிள்ளை தெரியும்? நீரென்ன, மேளக்காரற்றை மோளோ?"

பகிடியாய்த்தான் கேட்டார்.

"எனக்கென்னண்டு தெரியும்?" என்றேன்.

"அப்ப வாரும். பாண் வெட்டக் கிடக்கு."

நான் போனேன். பாண் வெட்டினேன். பதினொரு மணிபோல் கழிவறை பார்க்கப் போகிற சாட்டில் திரும்பக் கீழே இறங்கினேன். குழாய்ப் பக்கத்துத் தோல் வெளிறி, கண்ணாடிபோல் விறைத்திருந்தது. மற்றப் பக்கம் இன்னும் ஈரம். ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் விடாது. கையை நீட்டி ஒரு முழம் தள்ளி வைத்திருக்கலாம். அறையில் ஒருவரும் இல்லை. கையை நீட்டியும்விட்டேன். அப்போது படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை, அக்கா."

வாளியை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அரை மணித்தியாலம் கழித்துக் கழிவறைக்குள் நிற்கும்போது கீழே 'படீர்' என்று ஒரு சத்தம். மேலே பிள்ளைகள் நூறு மேளம் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் அது என்ன சத்தம் என்று தெரியும்.

தோல் விளிம்பில் இருந்து விளிம்புவரை கிழிந்திருந்தது. அக்கா நிலத்தில் இருந்து தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். தலைவி அம்மா வந்து, யார் வைத்தது என்று கேட்டார். அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா வேகமாய் ஏதோ சொன்னார், எனக்குப் பாதி விளங்கவில்லை. இந்த மனிதர்களை இனி எதையும் தொடவிடக்கூடாது என்பது மட்டும் விளங்கியது. எகோன் கிழிசலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "நான் செய்து காட்டவில்லை. பிழை என்னுடையது" என்று ஆறுதலாய்ச் சொன்னார். தலைவி அம்மா அதைக் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குக் கொடி வந்தது. எகோன் வேறு ஊர்க் குழுவின் பிளாஸ்டிக் மேளத்தை இரவல் வாங்கி அடித்துக்கொண்டு நடந்தார். சனம் எழுந்து நின்று கைதட்டியது. பிள்ளைகள் ஒருவரும் விழவில்லை. நிலம் அவ்வளவு சுத்தம். விழா நல்லாய் நடந்தது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பின்னேரம் கதிரைகள் அடுக்கும்போது அக்கா என்னிடம் வந்தார். "நீர் தள்ளி வைக்கச் சொன்னனீர்தானே, பிள்ளை. நான்தான் கேக்கேல்லை." ஒரு கதிரையைத் தூக்கி அடுக்கிவிட்டு, "நாங்கள் தொடாத சாமானைத் தொட்டது. அதுதான் இப்பிடி வந்தது" என்றார். நான் கதிரையை அடுக்கினேன்.

ஒரு மாதத்துக்குள் எகோன் எங்களைத் தனித்தனியே கூப்பிட்டார். மண்டபத்து நிர்வாகத்தில் அந்தத் தலைவி அம்மாவும் இருந்தார். எகோன் பென்சிலைக் காதில் இருந்து எடுத்து மேசையில் வைத்தார். நிரந்தர வேலை எனக்கு என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். சொல்லுகிற அளவுக்கு டேனிஷ் எனக்கு அப்போது வந்திருந்தது. "நை" என்றேன். இல்லை என்று.

அக்கா அந்தக் கோடையே பிள்ளைகளோடு கோப்பன்ஹேகனுக்குப் போனார், ஆஸ்பத்திரித் துப்புரவுக்கு. போகிற அன்று தன் தேத்தண்ணிப் போத்தலை எனக்குத் தந்தார். "புதுசு வாங்குவன், நீர் வைச்சிரும்." ஒரு வருடம் போல் கடிதம் வந்தது. நான் ஒழுங்காய்ப் பதில் போடவில்லை. அவருடைய கணவர் கடைசிவரை வந்து சேரவில்லை, கொழும்பிலேயே காணாமல் போய்விட்டார் என்று பிறகு வேறு ஆட்கள் சொன்னார்கள்.

எகோன் எங்கோ தேடி அந்த மேளத்துக்குத் திரும்பவும் கன்றுத்தோலே போடுவித்தார். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு பனிக்காலத்தில் அது மறுபடி இளகிப்போனது. கொண்டாட்டம் ஏதோ இருந்தது. அவர் அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டு தனியே நின்றார். நான் கேளாமலே மேளத்தை வாங்கிச் சூடாக்கியில் இருந்து தள்ளிப் பிடித்தேன். திருப்பித் திருப்பிக் காய்ச்சினேன். புறங்கையால் பார்த்தேன். விரலால் தட்டித் தட்டி, சத்தம் எழும்புகிறவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல். அன்றைக்கு முதன்முறையாய் எகோன் போகாமல் நின்று பார்த்தார். நான் மேளத்தை அவர் கையில் கொடுத்தேன். அடித்தார். மண்டபம் முழுக்கக் கேட்டது.

"எங்கே படித்தாய்?"

"என் அப்பாவிடம். அவருடைய வேலை அது." இந்த நாட்டில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். பிறகு சிரிப்பு நின்றது. என்னையும் மேளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படியென்றால் அன்றைக்கும் உனக்குத் தெரியும்."

அவர் மேளத்தை மெதுவாய் நிலத்தில் வைத்துவிட்டுப் போனார். என்னை ஏசவில்லை. ஒருவருக்கும் சொல்லவுமில்லை. ஓய்வு பெறுகிறவரை மரியாதையாய்த்தான் நடந்தார். ஆனால் கம்பியில் தடவின விரலை அதற்குப் பிறகு ஒருநாளும் எனக்குக் காட்டவில்லை. பார்த்துவிட்டுத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விடுவார்.

பிறகு நான் நிறையப் பேருக்கு வேலை பழக்கினேன். எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். எகோனின் செத்தவீட்டுக்கு நான் போனேன், பின்வரிசையில் இருந்தேன். தவமணி அக்காவின் செத்தவீட்டுச் செய்தி எனக்கு நாலு மாதம் பிந்தித்தான் வந்தது.

நிலானி, பிழை திருத்தும்போது அப்பாவைப் பற்றி எழுதின இடத்தை வெட்டிப்போடாதை. ஆரும் ஏதும் சொன்னால் அன்ரிதான் போடச் சொன்னவ என்று சொல்லு.

என் ஞாபகத்தை நம்பி அச்சடிக்க வேண்டாம். குழுக்கள் ஆறா ஏழா, வைகாசியா ஆனியா என்று பழைய ஆட்களிடம் கேட்டுத் திருத்துங்கோ. இன்னும் ஒன்று இருக்கிறது. அக்காவின் மகள்மார் கோப்பன்ஹேகனில்தான் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்து, தகப்பன் காணாமல் போனது எந்த மாதம் என்று கேளுங்கோ. விழாவுக்கு முந்தியா, பிந்தியா? பிந்தியென்றால், அந்த வேலைக் கடிதம் கையில் இருந்திருந்தால் அவர் அதற்கு முன்னால் வந்து சேர்ந்திருப்பாரா என்று விவரம் தெரிந்த ஒருவர் எனக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு நோகும் என்று மறைக்க வேண்டாம்.